அத்தியாயம் 7: பனி பார்க்காத ஊரிலிருந்து பனிச்சட்டைக்கு வரைவது

முண்டியம்பாக்கத்தில் கரும்பு அரவை நடக்கிற மாதங்களில், ஜன்னலைச் சாத்தினாலும் ஆலையின் பாகு வாடை உள்ளே வந்துவிடும். அந்த வாடையில் உட்கார்ந்துதான் என் முதல் ஸ்னோபோர்டு ஜாக்கெட்டுக்கு வரைந்தேன். வெளியே கரும்பு டிராக்டர் வரிசை, தலைக்கு மேலே மின்விசிறி ஐந்தில், கழுத்தில் துண்டு. நான் அதுவரை பார்த்த பனியெல்லாம் மார்கழிக் காலையில் ஏரிமேல் இறங்கும் மூடுபனிதான். இதை ஜாக்கெட் கேட்ட கம்பெனிக்காரர்களிடம் நான் மறைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"பனியே பார்க்காத நான் எப்படி?" என்று தயங்கியே விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் நல்ல வேலையை விட்டதை அறிவேன். பனிச்சட்டை விற்பவருக்குப் பனிமலைப் படம் வேண்டாம். அவர் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். அவருக்கு வேண்டியது வேறு. அது என்னவென்று புரிய இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீப் பலகைகளைச் சேர்த்துப் பிணைத்தார். பனிமேல் நின்றபடி அலைச்சறுக்குவது போல இருந்ததால் அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் வந்தது. 1977-இல் வெர்மான்டில் ஜேக் பர்ட்டன் கார்பென்டர் தன் பலகைக் கம்பெனியைத் தொடங்கினார். 1980-களில் பல ஸ்கீ மலைகளில் ஸ்னோபோர்டுக்காரர்களை உள்ளேயே விடவில்லை. ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1998-இல், ஜப்பானின் நாகானோவில். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் விளையாட்டு என்பதால் அதன் படங்களும் ஸ்கேட்போர்டு, காமிக்ஸ், பச்சைகுத்து, கச்சேரி நோட்டீஸ் பக்கமாகவே வளர்ந்தன. ஜேமி லின் என்ற வீரர் 1990-களில் லிப் டெக் கம்பெனிக்காகச் சறுக்கினார். தன் பெயரில் வந்த பலகைகளுக்குப் படமும் தானே வரைந்தார். இந்த உலகத்தில் ஒரு கோட்டைப் பார்த்ததும் ‘இது இன்னாருடைய கை’ என்று தெரிய வேண்டும். அந்தக் கைக்குத்தான் விலை. உங்கள் கை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறதா, வான்கூவரில் இருக்கிறதா என்பது பொருட்டில்லை.

துணிக்கு வரைவது ஓவியனுக்கு இழுக்கு என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. அவருக்குச் சோழமண்டலத்தைச் சொல்லுங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணி செய்து விற்ற காசு சேர்ந்துதான் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்த ஓவியர் கிராமம் எழுந்தது. மெழுகும் சாயமும் தொட்ட கைகள்தான் பிறகு கேன்வாஸையும் தொட்டன.

எதை வரைவது

முதல் தடவை வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாதிரி அனுப்பும் நம் ஆட்கள் யானை, தாமரை, கோலம், மயில் நான்கையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிடுகிறார்கள். விமான நிலையக் கடையின் பை போல இருக்கும். இதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. வாங்குகிறவர் உங்களைத் தேடி வரத் தேவையில்லை, அது எங்கும் கிடைக்கும்.

உங்களைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டரைப் பாருங்கள். விழுப்புரம்–திருவண்ணாமலை சாலையில் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியில் தீட்டிய பழங்கால உருவங்கள் இருக்கின்றன: குச்சிக் கை, குச்சிக் கால், ஆனால் ஒவ்வொன்றிலும் அசைவு. பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் உருவம் பிடிபடும். துணிக்கு வேண்டிய குணம் அதுதான். மயிலத்தைத் தாண்டித் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன, வயது சுமார் 2 கோடி ஆண்டு. பட்டையின் நார்வரி, கணு எல்லாம் கல்லில் அப்படியே. அந்த வரிகளைப் பென்சிலால் தேய்த்து எடுக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். உட்கார்ந்து பார்த்து வரையுங்கள். நான் வரைந்ததிலேயே அதிகம் ஓடிய டிசைன் அதிலிருந்து வந்ததுதான். வாங்கியவர்கள் அதை மலை வரைபடத்தின் உயரக்கோடு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

நம் தேசிய நெடுஞ்சாலையும் ஒரு கண்காட்சிதான். லாரியின் பின்கதவு, கரும்பு டிரெய்லரின் பக்கப்பலகை, திருவிழா நேரத்துச் சுவர் எழுத்து, இவற்றில் இருக்கும் நிழல் எழுத்துமுறை ஸ்கேட்போர்டு உலகத்துக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் வேறொரு ஓவியர் வரைந்ததை அப்படியே படம் பிடித்து டிரேஸ் எடுப்பது திருட்டு. லாரியில் இருப்பதால் அது ஊர்ப்பொது ஆகிவிடாது.

சாமி உருவத்தைத் துணியில் போடாதீர்கள். பனமலைக் கோயிலில் பல்லவர் காலத்துத் தேவி ஓவியம் கண்ணைப் பறிக்கும். அதற்காக அவளைச் சட்டைக்கு வரைந்து கொடுத்தால், அவர்கள் அதையே காலுறைக்கும் கால்சட்டையின் பின்பக்கத்துக்கும் கொண்டுபோய்விடுவார்கள். எது எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. தமிழ் எழுத்துக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. கூடவே ஒன்று: எழுத்தை எப்போதும் உருவமாக மாற்றி அனுப்புங்கள். எழுத்துருவாக அனுப்பினால் அங்கே கணினி கொம்பைக் கழற்றி வைத்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்.

படம் எங்கே உட்காரும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்னோபோர்டு உடை என்றால் ஒரு துணி அல்ல. வெளிச்சட்டை, உள் லைனிங், கால்சட்டை, அதற்குள் போடும் ஹூடி, டி-சர்ட், கம்பளித் தொப்பி, கையுறை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் படத்தை ஏற்கும்.

வெளிச்சட்டையின் மேல்துணி நைலான் அல்லது பாலியஸ்டர். அதன் உட்புறம் தண்ணீர் புகாத மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சு. 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று லேபிளில் போடுவது எத்தனை உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்ற கணக்கு. தண்ணீரை விரட்டும் துணி மையையும் விரட்டும். மேலும், தைத்து முடித்த ஜாக்கெட்டைச் சூட்டில் வைத்து அச்சடித்தால் படலம் கெடும், தையல்மேல் ஒட்டிய டேப் கழன்று வரும். அதனால் வெளிச்சட்டைக்கான படம் பெரும்பாலும் துணி சுருளாக இருக்கும்போதே, பூச்சுக்கும் படலத்துக்கும் முன்பாகவே, அச்சாகிவிடும். அதாவது உங்களிடம் கேட்பது ‘மார்பில் ஒரு படம்’ அல்ல. மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒட்டு தெரியாமல் தொடரும் ரிப்பீட். ரோட்டரி இயந்திரத்தில் அடித்தால் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 640 மி.மீ. உங்கள் ரிப்பீட்டின் உயரம் அதே 640 ஆகவோ, அதைச் சரியாக வகுக்கும் 320, 160 ஆகவோ இருக்க வேண்டும். 300 மி.மீ. என்று அழகாக வரைந்து அனுப்பினால் வேலை திரும்பி வரும்.

ரிப்பீட்டை வெட்டும்போதுதான் வேடிக்கை. என் முதல் ஜாக்கெட் டிசைன் கொக்குகள். ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு, கழுத்து ‘ட’ போல மடங்கி, எல்லாம் தலை மேலே கால் கீழே. திரையில் பார்க்கத் திருப்தியாக இருந்தது. மாதிரிச் சட்டையின் போட்டோ வந்தது. நெஞ்சு நடுவே ஜிப். ஜிப்பின் இடப்பக்கம் கொக்கின் உடம்பு, வலப்பக்கம் வேறொரு கொக்கின் வால். தோள் தையலில் ஒரு வரிசையே தலையிழந்து நின்றது. அதை எடுத்துக்கொண்டு விக்கிரவாண்டியில் எனக்குத் தெரிந்த டெய்லர் அண்ணனிடம் போனேன்.

"என்னா தம்பி, இத்தனை கொக்குக்குக் கழுத்தை அறுத்துட்டே?" என்றார். பிறகு ஒரு பழைய மழைச்சட்டையைப் பிரித்துப் பகுதி பகுதியாக மேஜையில் பரப்பிக் காட்டினார். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, தோள்பட்டைத் துண்டு, கை இரண்டு பாகம், குல்லா மூன்று பாகம், பாக்கெட் மூடிகள். "ஒரே நெட்டுல நிக்கிற டிசைன் கொடுத்தா நான் எல்லாப் பீசையும் ஒரே பக்கமா வெச்சுத்தான் வெட்டணும். துணி வீணாவும். தலைகீழா வெச்சாலும் ஒத்துக்குற டிசைன் கொடு, மிச்சம் புடிச்சுக் காட்டுறேன்."

அந்த ஒரு மணி நேரத்தில் கற்றது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. ஒருதிசை டிசைன் துணியைத் தின்னும். கம்பெனிக்காரர் காரணம் சொல்லாமலே அதை ஒதுக்கிவிடுவார். உருவங்களைப் பல திசையில் சிதறவிட்ட டிசைன் வெட்டுக்கு இணங்கும். முகம், கண், எழுத்து மூன்றும் ரிப்பீட்டில் ஆபத்து: எங்காவது ஒரு தையல் அவற்றைக் கடக்கும். சிறு உருவம் தையலில் பாதியானால் யாருக்கும் தெரியாது, ஒரு முழம் உருவம் பாதியானால் ஊருக்கே தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். டிசைனை ஏ4 தாள்களில் உண்மை அளவிலேயே பிரிண்ட் எடுத்து ஒட்டி, பழைய மழைச்சட்டையின் பகுதிகளை அதன்மேல் வைத்து வெட்டி, டேப்பால் ஒட்டிக் காகிதச் சட்டை செய்கிறேன். அதை யாரையாவது போட்டுக்கொள்ளச் சொல்லி, வாசலிலிருந்து இருபது அடி தள்ளி நின்று பார்ப்பேன். மலையில் ஒருவர் சட்டையை இன்னொருவர் பார்ப்பது இழுவை நாற்காலியில் மேலே போகும்போதுதான், அதற்கும் தூரமாக. கையைத் தூக்கச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள். நாற்பது தாள் செலவு. அதற்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

உள் லைனிங் ஓவியனின் சொர்க்கம். ஜிப்பைத் திறந்தால் மட்டும் தெரியும் இடம் என்பதால், வெளியே கறுப்பும் சாம்பலும் போதும் என்று சொல்லும் கம்பெனிகூட உள்ளே துணிந்து விளையாட விடும். புதியவர் என்றால் ‘லைனிங்குக்கு வரைகிறேன்’ என்று கேளுங்கள், கதவு சீக்கிரம் திறக்கும்.

கம்பளித் தொப்பி தனிக் கணக்கு. பின்னலில் ஒரு கண் அகலம் அதிகம், உயரம் குறைவு. சதுரக் கட்டத்தாளில் வட்டம் வரைந்தால் தொப்பியில் அது அமுங்கிப் பூசணிக்காய் ஆகும். ஏறக்குறைய அகலத்தில் 5 கண் வரும் இடத்தில் உயரத்தில் 7 வரிசை வரும் என்று கட்டத்தை மாற்றிக்கொண்டு வரையுங்கள். ஒரு வரிசையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று நிறம்.

ஹூடியும் டி-சர்ட்டும்

நம்மவருக்கு நடைமுறையில் முதலில் கிடைக்கும் வேலை இதுதான். வெளிச்சட்டை பெரும்பாலும் சீனா, வியட்நாம் பக்கம் தைக்கப்படுகிறது. பருத்தி டி-சர்ட்டும் ஹூடியும் திருப்பூருக்கு வரலாம். விழுப்புரத்தில் பஸ் ஏறி, சேலம் போய் மாறி, ஒரு தடவையாவது திருப்பூர் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் ஒரு நாள் நில்லுங்கள். நீளமான மேஜை, அதில் வரிசையாக ஒட்டிய கட்-பேனல் (தைக்கும் முன் வெட்டிய துணித் துண்டு), இருவர் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு நிறம் நிறமாக இழுத்துப் போவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டகம். கறுப்புத் துணி என்றால் அடியில் வெள்ளைக்கு இன்னொன்று. ஆக நான்கு நிறப் படத்துக்கு ஐந்து சட்டகம், ஐந்து இழுப்பு, ஐந்து மடங்கு பிசகு வாய்ப்பு. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் தேவையில்லாமல் ஒன்பது நிறம் போட மாட்டார். துணியின் கறுப்பையே ஒரு நிறமாக எடுத்துக்கொண்டு மூன்று நிறத்தில் முடிப்பவரை, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மறக்க மாட்டார்.

அரை மில்லிமீட்டருக்கு மெல்லிய கோடு வேண்டாம், மை அடைத்துக்கொள்ளும். மார்புப் படத்தை எஸ் சைஸ் சட்டையில் பொருந்தும்படி அளவெடுங்கள், ஒரே சட்டகத்தைத்தான் எக்ஸ்எக்ஸ்எல் வரை போடுவார்கள். நிறத்துக்கு பான்டோன் எண் கொடுக்கும்போது துணிக்கான டிசிஎக்ஸ் எண்ணா, காகிதத்துக்கானதா என்று பாருங்கள், இரண்டும் வேறு. சிவப்பு பாலியஸ்டர் கலந்த ஹூடியில் வெள்ளை மை போட்டால், சூட்டில் துணியின் சாயம் மேலேறி, இரண்டு நாளில் வெள்ளை ரோஸ் ஆகிவிடும். அதைத் தடுக்க அடியில் சாம்பல் நிறத் தடுப்பு மை போடுவார்கள். அதற்கும் ஒரு சட்டகம். ‘பாலியஸ்டர் எத்தனை சதவீதம்?’ என்று நீங்களே முதலில் கேட்டால் உங்கள் மரியாதை ஒருபடி கூடும். சூட்டில் சாயத்தைத் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டரில் மட்டும், அதுவும் வெளிர் துணியில் மட்டும் எடுபடும்.

நிறமும் உப்பளமும்

பனி வெள்ளைத்தாள் போல இருக்காது. உச்சி வெயிலில் அது கண்ணைக் கூச வைக்கும், பக்கத்து நிறத்தை எல்லாம் கறுப்பாக்கிக் காட்டும். மேகம் மூடினால் நிழலே விழாது, எல்லாம் தட்டையாகும். திரையில் நன்றாக இருந்த மங்கல் பச்சையும் அடர்நீலமும் பனியில் ஒரே இருட்டுப் பொட்டாகத் தெரியும் என்று எனக்கு இரண்டு பேர் எழுதிய பிறகுதான் ஒரு வழி தோன்றியது. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் மரக்காணம். சித்திரை, வைகாசியில் உப்பளத்தில் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கும். அச்சடித்த துணித் துண்டுகளை எடுத்துப் போய், வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அம்பாரத்தின் பக்கத்தில் பிடித்துத் தள்ளி நின்று பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். அந்த வெள்ளையில் நிற்கிற ஆரஞ்சு எது, காணாமல் போகிற ஆரஞ்சு எது என்று அங்கேயே தெரிந்துவிடும். பனிமலைக்கு விமான டிக்கெட் எடுக்க முடியாதவனின் ஏற்பாடு இது. இதுவரை என்னைக் கைவிடவில்லை.

வேலை எப்படி வரும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனி உடைகளின் ஒரு குளிர்காலத் தொகுப்பு கடைக்கு வருவதற்கு ஒன்று, ஒன்றரை வருடம் முன்பே வரையப்படுகிறது. நீங்கள் இந்த ஆடியில் வரைவது அடுத்த வருட மார்கழியில்தான் யாராவது போட்டுக்கொள்வார்கள். ‘இந்தக் குளிருக்கு ஏதாவது வேண்டுமா?’ என்று அக்டோபரில் மெயில் போடுவது பொங்கல் முடிந்து கரும்பு விற்பதைப் போல.

பத்துப் படம் அனுப்புங்கள், நூறு வேண்டாம். அதில் மூன்று ரிப்பீட், இரண்டு மார்புப் படம், ஒரு தொப்பிக் கட்டம் இருக்கட்டும். காகிதச் சட்டை போட்ட போட்டோ ஒன்றும். பெரிய கம்பெனியின் பொது முகவரிக்கு எழுதுவதைவிடச் சிறு கம்பெனியின் கலை இயக்குநரைத் தேடி எழுதுவது பலன் தரும். காட்டுவதற்கு வேலையே இல்லையென்றால் முதல் வாடிக்கையாளரை நம் கடற்கரையில் தேடுங்கள். கோவளத்தில் 2013 முதல் அலைச்சறுக்கு விழா நடந்திருக்கிறது; புதுச்சேரியை ஒட்டிய செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்குப் பள்ளி இருக்கிறது. அந்த மாதிரி இடங்களுக்கு ஒரு டி-சர்ட் வரைந்து, அது உப்புத்தண்ணீரில் நனைந்து வெளுத்த போட்டோ உங்களிடம் இருந்தால், பனிக்காரர் அதைப் புரிந்துகொள்வார். சர்ஃபிங்கும் ஸ்னோபோர்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நம் நாட்டிலேயே குல்மார்கில் 2020-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு தொடங்கியது, ஸ்னோபோர்டும் அதில் உண்டு. அந்தச் சந்தை சின்னது, ஆனால் தூரமில்லை.

அமெரிக்க மேற்குக்கரையில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. வீடியோ அழைப்புக்கு நேரம் குறிக்கும்போது இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காகிதம்

நான் கற்ற விலையுயர்ந்த பாடம் இங்கேதான். ஒரு சிறிய வெளிநாட்டுக் கம்பெனி ஹூடிக்கு ஒரு படம் கேட்டது. தொகை பேசினோம், மெயிலில் ‘ஓகே’ என்றேன், பணம் வந்தது, மகிழ்ச்சி. இரண்டு குளிர்காலம் கழித்து அதே படம் கையுறையில், ஸ்டிக்கரில், பலகையின் அடியில். கேட்டபோது, படத்தைத்தான் வாங்கிவிட்டோமே என்று பணிவாகப் பதில் எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் எதை விற்கிறேன் என்று எழுதவில்லை.

நீங்கள் விற்பது படத்தை அல்ல, அதை இன்னின்ன பொருளில், இத்தனை காலம், இந்த நாடுகளில் அச்சிட்டுக்கொள்ளும் அனுமதியை. மெயிலில் நான்கு வரி போதும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘இணைத்துள்ள படத்தை ஹூடி, டி-சர்ட் இரண்டில் மட்டும், வட அமெரிக்காவில், இரண்டு குளிர்காலத் தொகுப்புகளுக்கு அச்சிட்டு விற்க அனுமதிக்கிறேன். பலகை, ஸ்டிக்கர், கையுறை முதலியவற்றுக்குத் தனிக் கட்டணம். மூலப்படத்தின் உரிமை என்னிடமே. இரண்டு திருத்தம் வரை கட்டணத்தில் அடக்கம். வேலை பாதியில் நின்றால் பாதித் தொகை.’ அவர்கள் ‘சம்மதம்’ என்று பதில் போட்ட பிறகே கோப்பை அனுப்புங்கள். கழுத்து லேபிளிலோ தொங்கும் அட்டையிலோ உங்கள் பெயர் வர வேண்டும் என்றால் அதையும் அப்போதே கேளுங்கள். பிறகு கேட்டால் அட்டை அச்சாகிவிட்டது என்பார்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கும் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: ஒருவர் கேட்டுக்கொண்டு, விலை கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அந்த ‘வேறு உடன்பாடு’தான் மேலே சொன்ன நான்கு வரி. உரிமையையே எழுதிக் கொடுப்பதானால் 19-ஆம் பிரிவின்படி அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். அமெரிக்க ஒப்பந்தங்களில் ‘ஒர்க் மேட் ஃபார் ஹயர்’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நில்லுங்கள். படம் பிறக்கும்போதே அவர்களுடையது என்று பொருள். கூடாது என்று சொல்லவில்லை, நானே இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கேற்ற விலை வாங்கினேன்.

இன்னொன்று, துணிக்கு வரைகிறவர்கள் அதிகம் அறியாதது: அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதிவு செய்யத் தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதை இட்ட பொருளைத் தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் செய்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும். ஐம்பது ஜாக்கெட் என்பது ஒரு காலைப்பொழுது வேலை. சோபாத் துணி டிசைன்களைப் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2009-இல் இந்த வழியில்தான் தீர்ப்பளித்தது. தனி ஓவியமாக வரைந்தது எது, ஒரு பொருளுக்கென்றே செய்த டிசைன் எது என்ற கோட்டை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கிரையோகாஸ் வழக்கில் அலசியிருக்கிறது.

இதை வைத்து என்ன செய்வது? ரிப்பீட்டுக்கு உட்காரும் முன், அதற்கு மூலமான ஓவியத்தைத் தனி ஓவியமாகத் தாளில் முழுமையாக வரைந்து, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் ஓடும் என்று உங்கள் உள்மனம் சொல்லும் டிசைன் ஒன்று அமைந்தால் மட்டும் வடிவமைப்புப் பதிவுக்குப் போங்கள். பத்து ஆண்டு, பிறகு இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு முன் அது வெளியே வந்திருக்கக் கூடாது. ஆர்வத்தில் இன்ஸ்டாகிராமில் போட்ட அன்றே அந்தக் கதவு சாத்தப்படும். எல்லா டிசைனுக்கும் இந்தச் செலவும் பதற்றமும் தேவையில்லை. என் வேலையில் இதுவரை ஒன்றே ஒன்றுக்குத்தான் செய்தேன்.

பணம்

இந்தியக் கம்பெனி என்றால் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனதும் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கிட்டு 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வரிபோக மீதி திரும்ப வரும். தாக்கல் செய்யாமல் அந்தப் பணத்தை அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், உடனே செய்துகொள்ளுங்கள். குறுந்தொழிலாகப் பதிந்தவருக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். வட்டி வாங்குகிறோமோ இல்லையோ, இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண் இருந்தால் கணக்குப் பிரிவு அதை மேலே எடுத்து வைக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு இது செல்லாது. அவர்களிடம் பாதி முன்பணம், கோப்பு போவதற்கு முன் மீதி. பணம் வந்ததும் வங்கியில் அந்நிய வரவுச் சான்று கேட்டு வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

மாதிரி வந்ததும்

அச்சடித்த மாதிரித் துண்டு, திருப்பூர்ச் சொல்லில் ஸ்ட்ரைக்-ஆஃப், கூரியரில் வரும். அழகு பார்த்துவிட்டு ‘சூப்பர்’ என்று அனுப்பிவிடாதீர்கள். பிளாஸ்டிசால் மை சுமார் 160 டிகிரி சூட்டில் முழுமையாக வெந்திருக்க வேண்டும். அரைவேக்காடாக இருந்தால் நம் வெயிலில் ஒன்றும் தெரியாது, குளிரில் விரிசல் விடும்.

துண்டை இரண்டாக வெட்டுங்கள். ஒன்றில் தேதி எழுதிப் பெட்டியில் வையுங்கள். மற்றதை நனைத்துப் பிழிந்து, பாலிதீன் பையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரிலோ தெரிந்த ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரிலோ ஓர் இரவு வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஃப்ரீசர்கள் மைனஸ் 18 டிகிரிக்கு அருகில் இருக்கும், நமக்கு அது போதும். எங்கள் ஊர்க் கடைக்காரர் முதல்முறை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது குச்சி ஐஸுக்கும் கப் ஐஸுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார். காலையில் எடுத்ததும், உருகுவதற்கு முன்பே, இரண்டு கையாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். மையில் வெடிப்பு ஓடினால் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்று எழுதி அன்றே மெர்ச்சண்டைசருக்கு அனுப்புங்கள். வெடிக்காவிட்டால் வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி அதன்மேல் இருபது தடவை தேய்த்து, நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் சம்மதம் சொல்லலாம்.